வாசலில் வேட்டியும் துப்பட்டாவும் வையுங்கள்

ஐயா,

தேவாலயங்களுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் உடை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். ‘கண்ணியமான உடை’ என்று மொட்டையாக எழுதிவைத்தால் வெளியூர்க்காரருக்கு என்ன விளங்கும்? ரோமின் புனித பேதுரு பேராலயத்தில் விதி தெளிவு: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பெண்கள் முக்காடு இடுவது நம் ஊர் வழக்கம்தான். 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் அது கட்டாயமில்லை. முக்காடு இல்லை என்பதற்காக எவரையும் தடுக்க வேண்டியதில்லை.

நம் கடற்கரையில் சிக்கலே வேறு. தனுஷ்கோடிக் கடலில் நனைந்தவர்கள் அதே அரைக்கால்சட்டையோடு பாம்பன், தங்கச்சிமடம் ஆலயங்களுக்குள் நுழைகிறார்கள். நிற்கும்போது முழங்காலை மூடும் கால்சட்டை, உட்கார்ந்தால் மேலேறிவிடும். சொட்டும் உப்புநீரில், செருப்பைக் கழற்றிவிட்டு வரும் முதியோர் வழுக்குகின்றனர். ஆலய நிர்வாகங்கள் வாசலில் ஒரு குழாயும், துவைத்த நான்கு முழ வேட்டிகளும், பருத்தித் துப்பட்டாக்களும் வைக்கலாம். நைலான் வேண்டாம், தோளில் நிற்காது. படத்துடன் கூடிய அறிவிப்பைத் தமிழ், இந்தி, ஆங்கிலத்தில் எழுதி, செருப்பு விடும் இடத்திலேயே மாட்ட வேண்டும்.

– ஒரு வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்