‘ஸ்டாண்ட்பை’ என்றால் கோபித்துக்கொள்ளாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண்ட்ரோலர் வேலையில் அப்ரோச் ரேடாருக்கு, அதாவது இறங்க வரும் விமானங்களை வழிநடத்தும் பிரிவுக்கு, மாறிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. நான் இங்கே புதிதாகச் சேர்ந்த கோ-பைலட்டுகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். இடிமேகம் சூழ்ந்ததும் பைலட்டுகள் ஏன் கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை என்று நீ கேட்கிறாய். சரியாக அந்த நேரம் பார்த்து ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) ஏன் கூப்பிடுகிறது என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே கேள்விதான்.

காக்பிட்டில் ஒருவர் ஓட்டுகிறார். மற்றவர் அவரைக் கண்காணித்துக்கொண்டே ரேடியோவையும் பார்த்துக்கொள்கிறார். இறங்கும்போது மேகம் குறுக்கே வந்தால் இந்த இரண்டாமவர் தலையில்தான் எல்லாம் வந்து விழும். விமானத்தின் வானிலை ரேடாரின் சாய்வை ஏற்றி இறக்கி மேகத்தின் உயரத்தைப் பார்க்க வேண்டும். கேபின் ஊழியர்களை உட்காரச் சொல்ல வேண்டும். விமான நிலையத்தின் வானிலை, ரன்வே விவரங்களைச் சொல்லும் பதிவு ஒலிபரப்பான ஏடிஸைப் புதிதாகக் கேட்க வேண்டும். ரன்வே மாறியிருந்தால் கம்ப்யூட்டரில் அப்ரோச்சை (இறங்கும் பாதையை) மாற்றி, ஈர ரன்வேயில் எவ்வளவு தூரம் ஓடி நிற்கும் என்று மறுபடி கணக்குப் போட வேண்டும். மாற்று விமான நிலையத்துக்கு எரிபொருள் போதுமா என்பதும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த நேரத்தில் ஹெடிங் (திசை), உயரம், வேகம், க்யூஎன்ஹெச் (உயரமானியில் வைக்கும் காற்றழுத்தம்) என்று நான்கு எண்கள் ஒரே மூச்சில் வந்தால் ஒன்று நிச்சயம் தவறும். க்யூஎன்ஹெச் 1004 என்று நீ சொன்னதை அவர் 1014 என்று வைத்துவிட்டால், உயரமானி காட்டுவதைவிட விமானம் சுமார் 280 அடி தாழ்வாக இருக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 28 அடி, அவ்வளவுதான் கணக்கு. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் ரீட்பேக்கை நீ காது கொடுத்துக் கேட்டால் மட்டுமே அது பிடிபடும். நிமிடத்துக்கு 100 வார்த்தைக்கு மேல் போகாமல் பேசச் சொல்கிறது ஐசிஏஓ என்ற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. நெரிசல் நேரத்தில் யாரும் அதை மதிப்பதில்லை. வேகமாகச் சொல்லி இரண்டு முறை சொல்வதைவிட, இரண்டிரண்டு எண்ணாக நிதானமாகச் சொன்னால் உனக்கே நேரம் மிச்சம்.

‘முதலில் ஓட்டு, பிறகு வழி பார், அப்புறம் பேசு’ என்றுதான் எங்களைப் பழக்குகிறார்கள். ‘ஸ்டாண்ட்பை’ (பொறுங்கள்) என்று வந்தால் அது மறுப்பல்ல. முதல் இரண்டு வேலையும் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

ஒரே விமானம் இப்போது வலது, அடுத்த நிமிடம் இடது என்று மாற்றிக் கேட்பது உனக்கு எரிச்சல் தரும், தெரியும். கனமழை ரேடார் அலையை விழுங்கிவிடும். திரையில் சிவப்புக்குப் பின்னால் கறுப்பாகத் தெரிவது தெளிந்த வானமாகவும் இருக்கலாம், இன்னும் மோசமான மேகமாகவும் இருக்கலாம். கிட்டே போன பிறகுதான் தெரியும். கடுமையான இடிமேகத்தை விட்டு 20 நாட்டிகல் மைல் விலகிப் போ என்பது எங்கள் விதி. கிடைக்கும் இடைவெளி பெரும்பாலும் அதைவிடக் குறுகல்.

என் மாணவர்களிடம் உன் பக்கத்தையும் சொல்கிறேன். காக்பிட்டில் தெரியும் மேகம் உன் திரையில் அப்படியே தெரியாது, 15 மைல் விலகினால் விமானம் அடுத்த கண்ட்ரோலரின் செக்டாருக்குள் (அவர் பொறுப்பிலுள்ள வான்பகுதிக்குள்) போய்விடும், அதற்கு நீ அவரிடம் பேசி அனுமதி வாங்க வேண்டும் என்று. அதனால் ‘கொஞ்சம் வலப்பக்கம் போகலாமா’ என்று கேட்காதீர்கள், ‘வலப்பக்கம் 15 மைல், அடுத்த 40 மைல் தூரத்துக்கு’ என்று கேளுங்கள் என்கிறேன். அவசரமென்றால் ‘வெதர் டீவியேஷன் ரிக்வயர்ட்’ (வானிலைக்காக விலகியே ஆக வேண்டும்) என்ற சொற்கள் இருக்கின்றன. அதைச் சொன்னால் அலைவரிசையில் முன்னுரிமை கிடைக்கும். ஏடிசி முடியாததைச் செய்யச் சொன்னால் ‘அனேபிள்’ (முடியாது) என்று சொல்லுங்கள். மரியாதைக்காக மென்று விழுங்குவதுதான் ஆபத்து.

1990 ஜனவரி 25 இதற்குச் சாட்சி. கொலம்பியாவின் மெடலினிலிருந்து நியூயார்க் வந்த அவியான்கா 52, மோசமான வானிலையில் மொத்தம் 77 நிமிடம் வட்டமடிக்க வைக்கப்பட்டது. முன்னுரிமை வேண்டும் என்றார்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது என்றார்கள், மாற்று நிலையமான பாஸ்டனுக்கு இனிப் போக முடியாது என்றார்கள். அந்தச் செய்தி அடுத்தடுத்த கண்ட்ரோலர்களிடம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. முதல் அப்ரோச் தவறி, கோ-அரவுண்ட் செய்த (இறங்காமல் மறுபடி மேலேறிய) பிறகு ‘எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது’ என்றார்கள். ‘மேடே’ என்ற அவசரநிலைச் சொல் கடைசிவரை வரவே இல்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஒரு சொல் போதுமாக இருந்தது.

இன்றைக்கு இதற்கு இரண்டு படிகள் உண்டு. ‘மினிமம் ஃப்யூல்’ என்றால் இனித் தாமதம் கூடினால் கடைசிக் கையிருப்பில் கைவைக்க நேரும் என்று முன்னறிவிப்பு. அவசரநிலை அல்ல, வரிசையில் முந்தும் உரிமையும் இல்லை. எவ்வளவு தாமதம் என்று அப்போது நீ தெளிவாகச் சொன்னால் போதும். ‘மேடே மேடே மேடே ஃப்யூல்’ என்றால் இறங்கும்போது அந்தக் கையிருப்பு முழுதாக மிஞ்சாது என்று கணக்கு சொல்லிவிட்டது. ஜெட்டுக்கு அந்தக் கையிருப்பு 1500 அடி உயரத்தில் 30 நிமிடம் ஹோல்டிங் செய்யும் (வட்டமடிக்கும்) அளவு. அப்புறம் கேள்வியே வேண்டாம், வழி விடு.

ஒன்றே ஒன்று உன்னிடம் கேட்கிறேன். ரன்வேயின் மறுமுனைக்கு அப்பால் மேகம் நிற்கிறது என்று வைத்துக்கொள். வரைபடத்தில் உள்ள கோ-அரவுண்ட் பாதை நேராக அதற்குள்தான் போகும். விமானம் லோக்கலைசரில் (ரன்வேயின் நேர்கோட்டைக் காட்டும் ரேடியோ வழிகாட்டியில்) சேருமுன்பே மாற்று ஹெடிங்கைச் சொல்லிவிடு. கோ-அரவுண்ட் தொடங்கிய பிறகு இருவருக்கும் கை ஓய்வதில்லை: முழு விசை, மூக்கை உயர்த்துவது, ஃப்ளாப்பை (இறக்கை மடலை) ஒரு படி உள்ளே இழுப்பது, ஏறுகிறது என்று உறுதியானதும் சக்கரத்தை மேலே தூக்குவது. ‘வின்ட்ஷியர்’ (காற்றின் வேகமோ திசையோ திடீரென மாறுவது) என்று கேட்டால் இன்னும் பொறு. வெளியே வரும்வரை சக்கரத்தையும் ஃப்ளாப்பையும் தொடமாட்டார்கள், திரும்பச் சொன்னாலும் திரும்பமாட்டார்கள். அவர்களாகவே கூப்பிடுவார்கள்.

உங்கள் பயிற்சியில் ஒரு அழைப்பில் அதிகபட்சம் எத்தனை கட்டளைகள் சொல்லலாம் என்று பழக்குகிறார்கள்? அடுத்த வகுப்புக்கு முன் எழுதினால் மாணவர்களிடம் சொல்வேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்