கருகிய புல்வெளியும் காடு வளர்ப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மரம் நடுவதைப் பற்றி உங்கள் இதழில் நிறைய வருகிறது, சந்தோஷம். ஆனால் மரக்கன்று முளைத்தால் அகற்றிவிட்டுப் புல்லைக் காப்பாற்றுகிற இடமும் இருக்கிறது, அதைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும்.

நாங்கள் சிகாகோ பக்கம் இருக்கிறோம். இங்கிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் நச்சூசா புல்வெளி வரும். நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு 1986-இல் தொடங்கிய வேலை இது. மக்காச்சோளம் விளைந்த வயல்களில் தன்னார்வலர்கள் கையால் சேகரித்த விதையைத் தூவித் தூவித் திரும்பவும் புல்வெளியாக்கி வருகிறார்கள், 2014-இல் பைசன் மாடுகளையும் கொண்டுவந்து விட்டார்கள்.

நாங்கள் போனது ஏப்ரல் தொடக்கம், குளிர் இன்னும் விடவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை ஒரு பக்கம் முழுக்கக் கருகிக் கிடந்தது. தெரிந்தே வைத்த தீ அது. பழைய சருகு எரிந்து, ஊடுருவும் மரக்கன்றும் அயல்நாட்டுப் புல்லும் அடங்கி, கறுத்த மண் வெயிலில் சீக்கிரம் சூடேறும். இந்த மண்ணின் புல்லுக்கு வேர் பல அடி ஆழத்தில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே இங்கிருந்த பூர்வகுடி மக்கள் இப்படித்தான் தீ வைத்துப் பராமரித்தார்கள். குனிந்து பார்த்தேன், சாம்பலுக்குள் வெளுத்துப்போன நத்தை ஓடுகள், பக்கத்திலேயே கருகிய தூரை ஒட்டி ஊசி முனை அளவுக்குப் பச்சை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஒரு காலத்தில் எங்கள் இல்லினாய் மாநிலத்தில் சுமார் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் இப்படிப் புல்வெளியாக இருந்ததாம், இன்று பழைய தரத்தோடு மிஞ்சியிருப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். 1837-இல் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பையைச் செய்த கிராண்ட் டீடூர் கிராமம் நச்சூசாவுக்குப் பக்கத்து ஊர், அந்தக் கலப்பைதான் பிசுபிசுவென்று ஒட்டும் இந்த மண்ணைப் புரட்டிப்போட வழி செய்தது.

நம் நீலகிரியிலும் புல்வெளியைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்துத்தானே சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள்? அங்கேயும் தீ வைக்கச் சொல்லவில்லை, அது வேறு மண், வேறு மழை. சீகையை அகற்றி, சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளியை மீட்கப் பாடுபடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, அவர்களோடு ஒரு நாள் இருந்து எழுதச் சொல்லுங்கள், அடுத்த காடு வளர்ப்புச் சிறப்பிதழுக்கு முன்னால் அது வந்தால் நல்லது.

அன்புடன்,
ஒரு வாசகர்,
நேப்பர்வில், இல்லினாய்