ஒரே அறை என்றால் சுலபமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒற்றை அறைப் படங்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, 1957-இல் வெளியான ‘12 ஆங்ரி மென்’ படத்தை, மேடை நாடகத்தின் பதிவு, ஒரே அறை என்பதால் எடுப்பது சுலபம், வசூலில் தோற்றதும் அதனால்தான் என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. ஒரு கொலை வழக்கில் முடிவு சொல்ல வேண்டிய 12 ஜூரிகள் (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்) ஓர் அறையில் வாதிடுவதுதான் படம். படத்தின் மூலக்கதை மேடை நாடகமே அல்ல. ரெஜினால்ட் ரோஸ் 1954-இல் சிபிஎஸ் தொலைக்காட்சிக்கு எழுதிய நேரலை நாடகம் அது. ரோஸும் படத்தின் நாயகன் ஹென்றி ஃபோண்டாவும் தயாரிக்க, சிட்னி லூமெட் இயக்கினார். அவருக்கு அது முதல் படம். ஒளிப்பதிவு போரிஸ் காஃப்மன்.

படம் நகர நகர அறை சுருங்குவதுபோல் தோன்றுவது தற்செயல் அல்ல. முதல் பகுதியில் கேமரா கண்மட்டத்துக்கு மேலே, நடுவில் கண்மட்டத்தில், கடைசிப் பகுதியில் அதற்குக் கீழே. அதனால்தான் முடிவை நெருங்கும்போது அறையின் கூரையும் கண்ணில் படுகிறது. லென்ஸின் குவியத் தொலைவும் 28, 40 மில்லிமீட்டரில் தொடங்கி 50, 75, 100 என்று நீள்கிறது (எண் கூடக் கூட ஃப்ரேமுக்குள் அடங்கும் பரப்பு குறுகும்). பின்சுவர் ஜூரிகளின் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. நீதிமன்றத்தை விட்டு அவர்கள் வெளியேறும் கடைசி ஷாட்டுக்கு மட்டும், படத்திலேயே மிக அகலமான லென்ஸ், மிக உயரமான கோணம். பார்ப்பவருக்கு அங்கேதான் மூச்சு வருகிறது.

இதைப் பார்த்துக் குறும்படம் எடுப்பவர்கள் பலர் சறுக்குவதும் இங்கேதான். நின்ற இடத்திலேயே லென்ஸை மாற்றினால் ஃப்ரேம் குறுகுமே தவிர, சுவர் நெருங்காது. கேமரா பின்னால் போக வேண்டும். 28 மி.மீ. லென்ஸில் 4 அடி தூரத்திலிருந்து எடுத்த முகத்தை அதே அளவில் 100 மி.மீ. லென்ஸில் எடுக்க ஏறத்தாழ 14 அடி தேவை. நிஜ அறையில் அதற்கு இடம் ஏது? கழற்றக்கூடிய சுவருள்ள செட் வேண்டும். கூரையைக் காட்டினாலோ மேலிருந்து விளக்குத் தொங்கவிடும் வசதியும் போய்விடும்.

செலவு சுமார் 3.5 லட்சம் டாலர், படப்பிடிப்பு 20 நாள் அளவில். நேரத்தை விழுங்குவது விளக்கமைப்புதான் என்பதால், ஒரு நாற்காலிக்கு ஒளி அமைத்ததும் அங்கே நடப்பதை எல்லாம், கதை வரிசை பாராமல், எடுத்து முடித்தார்கள். இப்படி அறையை மூன்று சுற்று வந்தார்கள்: சாதாரணப் பகல் வெளிச்சத்துக்கு ஒன்று, மழைமேகம் திரளும்போது ஒன்று, மேல்விளக்கு போட்டபின் ஒன்று. இன்னொரு ஜூரியாக நடித்த லீ ஜே. காப் ஃபோண்டாவோடு மோதும் காட்சியில் இருவரின் ஷாட்டுகளுக்கும் இடையே ஏழெட்டு நாள் இடைவெளி! காப்பின் கோபம் அன்று எந்த அளவில் நின்றதோ, அதே சூட்டில் ஃபோண்டாவின் பதில் இருந்தாக வேண்டும். முன்னதாக இரண்டு வாரம் ஒத்திகை பார்த்திராவிட்டால் எடிட்டிங் மேஜையில் எதுவும் ஒட்டியிருக்காது.

வசூலில் படம் தோற்றது உண்மை. ஆனால் ஒரே அறை என்பதால் தோற்றது என்ற முடிவு அவசரமானது. வாய்மொழியாகப் பேர் பரவிச் சிறிய அரங்கில் ஓட வேண்டிய கறுப்பு வெள்ளைப் படத்தை நியூயார்க்கில் ஆயிரக்கணக்கான இருக்கைகள் கொண்ட அரங்கில் இறக்கினார்கள். அதே ஆண்டு பெர்லின் விழாவில் அது தங்கக் கரடி வென்றது. ஆஸ்கரில் படம், இயக்கம், தழுவல் திரைக்கதை என மூன்று பரிந்துரைகள். மூன்றிலும் வென்றது ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’.

வசூலை நம்பித் தள்ளிவைத்த தன் சம்பளம் ஃபோண்டாவின் கைக்கு வரவே இல்லை. அதன்பின் அவர் எந்தப் படத்தையும் தயாரிக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்