நெட்டையனைத் திட்டாதே அம்மா

டொரண்டோ,
தை மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே ஊரே பனியில் கிடக்கிறது. வாரநாளில் கிடங்கு வேலை, சனி ஞாயிறு ரிங்கில் மல்யுத்தக் காட்சி. போன வாரம் ஒட்டாவா போய்வந்தோம், ஒரு வழிக்கே 450 கிலோமீட்டர்.

தங்கச்சி காட்டிய வீடியோவைப் பார்த்து அழுதாயாம். "என் பிள்ளையை ரெண்டு பேர் போட்டு அடிக்கிறாங்க, கூட்டாளி நெட்டையன் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கிறான்" என்று திட்டினாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நாங்கள் போடுவது டேக் டீம், ஜோடிக்கு ஜோடி மோதும் மல்யுத்தம். அதில் ஜோடியில் ஒருவன்தான் உள்ளே சண்டை போடலாம். மற்றவன் மூலையில் கட்டிய சின்னக் கயிற்றைப் பிடித்தபடி வெளியே நிற்க வேண்டும். கை தொட்டால்தான் உள்ளே வரலாம். அடிவாங்கியவன் தவழ்ந்து போவான், கை எட்டும் நேரத்தில் எதிராளி காலைப் பிடித்து இழுப்பான், கூட்டம் துடிக்கும். அப்புறம் கை பட்டதும் அரங்கமே எழுந்து கத்தும். இதில் கைதேர்ந்தவர் ரிக்கி மார்ட்டன். 1980களில் அவரும் ராபர்ட் கிப்சனும் 'ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ்' என்ற ஜோடி. 2017இல் இருவரையும் டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற பெரிய மல்யுத்த கம்பெனியின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். மார்ட்டன் அடிவாங்கும் பழைய வீடியோக்களைப் போட்டுத்தான் வாத்தியார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அடிப்பதைவிட அதுதான் கஷ்டமான வேலை.

யார் ஜெயிப்பது என்று முன்பே பேசிவிடுவோம். மற்றதெல்லாம் உள்ளே போய்த்தான். நம் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் நடக்குமே, ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய தர்க்கம் பண்ணுவார்களே, அது மாதிரி. எதிராளிகளை அன்று சாயங்காலம்தான் பார்ப்போம்.

ஆனால் விழுவது நிஜம். இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, மெல்லிய மெத்தை, கேன்வாஸ் துணி, அவ்வளவுதான் ரிங். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு முதுகு முழுவதும் ஒன்றாகப் படும்படி விழ வேண்டும். அன்று நான் கொஞ்சம் பிந்திவிட்டேன். மூச்சு அடைத்துப்போனது.

என் கழுத்தை நெரித்தானே ஒருவன், அவன் அப்போது என் உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தான். நல்லாயிருக்கிறாயா என்று அதற்கு அர்த்தம். பதிலுக்கு அழுத்த எனக்குத் தெம்பில்லை. தூரத்திலிருந்து என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நெட்டையன்தான். நடுவரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். நடுவர் குனிந்து எதிராளி காதில் சொல்ல, அவன் என்னை மூலைப் பக்கமாக உருட்டிவிட்டான். இன்னும் ஐந்து நிமிடம் போக வேண்டிய கட்டத்தை விட்டுவிட்டு, நெட்டையன் எக்கி என் கையைத் தொட்டான்.

வீடியோவை இன்னொரு தடவை கடைசிவரை பார். பின்பாதியில் அவன் மூன்று முறை மல்லாந்து விழுவான். மூன்றும் நான் விழ வேண்டியவை.

அடுத்த பார்சலில் அவனுக்கும் ஒரு பொட்டலம் பருப்புப்பொடி வை. நெய்விட்டுச் சாப்பிட நான் பழக்கிவிட்டேன்.

உன் சின்னவன்