செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கரூர், பெரம்பலூர், புதுக்கோட்டை, திருவாரூர் எனத் தொலைவிலிருந்தும் விடுமுறை நாளைப் பொருட்படுத்தாமல் திருச்சிக்கு வந்திருக்கும் ஆய்வாளர்களே, அனைவருக்கும் வணக்கம். உயர்கல்வியில் இணையவழிக் கற்றலை ஆராயும் கல்லூரி ஆசிரியர்களும் முனைவர் பட்ட மாணவர்களும் சேர்ந்து நடத்திவரும் நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

முதலில் ஓர் இரங்கல். நம் முன்னாள் தலைவர் மறைந்தது இவ்வாண்டின் பேரிழப்பு. அஞ்சல்வழிக் கல்விக் காலத்தில் ஆசிரியப் பணியைத் தொடங்கியவர் அவர். தபாலில் வரும் விடைத்தாள்களுக்கு வெறுமனே மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்ப மாட்டார். “இந்தப் படிக்கு முந்தைய படி எங்கே?” என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கேட்பார். அப்படிப்பட்ட தாள்கள் சிலவற்றை அவருடைய மாணவர் ஒருவர் இத்தனை ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்து இரங்கல் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். மாணவர் எதை நினைத்து அந்த விடையை எழுதினார் என்று தேடிய அந்தக் கண் நம் ஒவ்வொருவருக்கும் வாய்க்க வேண்டும். அவருடைய குடும்பத்தாருக்கு நம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

மாதக் கூட்டங்கள் பருவத் தேர்வுக் காலம் நீங்கலாகத் தவறாமல் நடைபெற்றன. இணையவழி வகுப்புகளை நடத்த உதவும் மூடில் மென்பொருளில் வினா வங்கி அமைப்பதற்கான பயிற்சி வழக்கம்போல நடந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள் என்பதில் செயற்குழுவுக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. மாணவர்களோடு அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தாம். ஆய்வுக்கு நேரமும் நிதியும் கிடைக்காமல் தவிப்பவர்களும் அவர்கள்தாம்.

இவ்வாண்டு நாம் அதிகம் பேசியது ஸ்வயம், என்பிடெல் பாடங்களைப் பற்றி. புதிய உறுப்பினர்களுக்காகச் சில விவரங்கள்: ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய, இணையவழிப் பாடங்களைத் தரும் திட்டம் என்பிடெல். 2014 முதல் அது சான்றிதழ்ப் பாடங்களையும் நடத்துகிறது. மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் 2017இல் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறைகள், ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியே படித்து அந்த மதிப்புப் புள்ளிகளைக் (கிரெடிட்) கல்லூரிப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ள இடம் தருகின்றன. அதற்கு முன் இது 20 சதவீதமாக இருந்தது. ஆகவே நம் மாணவர்களுக்கு இது இனி விருப்பப்பட்டால் எட்டிப் பார்க்கும் கூடுதல் படிப்பு அல்ல, பட்டத்தின் ஒரு பகுதி.

என்பிடெல் பாடத்தில் சேரக் கட்டணம் இல்லை, தேர்வுக்குத்தான் கட்டணம். வாராந்திர அசைன்மென்ட்டுகளுக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். அசைன்மென்ட்டில் ஏறத்தாழ முழு மதிப்பெண் வாங்கும் நம் மாணவர்களில் பலர் தேர்வுக் கட்டணம் கட்டத் தயங்குவதையும், கட்டியவர்களில் சிலர் 30ஐத் தொடத் திணறுவதையும் ஏறக்குறைய எல்லாக் கல்லூரி உறுப்பினர்களும் சொன்னார்கள். இது ஏன் என்று நேரில் பார்ப்பதென்று முடிவு செய்தோம். கருத்துக்கணிப்பு வேண்டாம், மாணவர் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம் என்பதே ஏற்பாடு.

அப்படி உட்கார்ந்து பார்த்த அமர்வுகளுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பி.எஸ்சி. இரண்டாமாண்டு மாணவி ஒருவர், கல்லூரி ஆய்வகத்தில், சம்மதத்தோடு. வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டார். நோட்டு திறந்திருந்தது, எதுவும் எழுதவில்லை. அசைன்மென்ட் வந்ததும் கேள்வியின் முதல் வரியை எடுத்துத் தேடுபொறியில் ஒட்டினார். விடை வந்தது, குறித்தார், அடுத்த கேள்விக்குப் போனார். முடித்த பிறகு நம் உறுப்பினர் அதே கேள்விகளில் ஒன்றை, எண்களை மட்டும் மாற்றி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மாணவி பேனா மூடியைத் திறந்தார், மறுபடி மூடிவிட்டார். “வீடியோ பார்க்கும்போது புரிந்தது போலத்தான் இருந்தது, மேடம்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

அந்த மாணவியைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. அவர் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். மதிப்பெண் தேவை என்று நாம் சொன்னோம். அது கிடைக்கும் வழியை அவர் கண்டுபிடித்துக்கொண்டார். அந்த மதிப்பெண்ணைக் கற்றல் என்று எழுதிக்கொண்டிருக்கும் நம் ஆய்வுகள்தாம் திருந்த வேண்டும்.

வாசிப்பு வட்டத்தில் இதையொட்டியே கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்தோம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் புதிதாக இருக்கிறது. ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒருமுறை படித்துவிட்டுத் தாளை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, மீண்டும் மீண்டும் படித்தவர்களுக்கே நம்பிக்கை அதிகமாக இருந்தது. ஆய்வக மாணவி சொன்ன சொல் அங்கே எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது, துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் நடந்த செயற்கை நுண்ணறிவு ஆய்வு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் நடத்தியது. சாட்ஜிபிடி போன்ற உரையாடு கருவியைத் தடையின்றிப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் சிறப்பாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி, ஆசிரியர்களின் உதவியோடு வடிவமைத்த கருவியில் இந்தச் சரிவு பெரும்பாலும் காணப்படவில்லை. பள்ளியில் நடந்ததைக் கல்லூரிக்கு அப்படியே பொருத்த முடியுமா என்று சிலர் கேட்டார்கள், நியாயமான கேள்வி. ஆனால் கருவி எது என்பதைவிட, மாணவரை அது என்ன செய்ய வைக்கிறது என்பதே முக்கியம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983லேயே இதைச் சொல்லிவிட்டார்: மளிகைச் சாமானைக் கொண்டுவரும் வண்டியால் உணவின் சத்து மாறிவிடுவதில்லை. இதை மறுத்து ராபர்ட் கோஸ்மா என்ற ஆய்வாளர் எழுதியதையும் படித்தோம். அந்த மாலை விவாதம் இருட்டிய பிறகும் ஓயவில்லை, காவலாளி வந்து விளக்கை அணைக்க வேண்டியிருந்தது.

இங்கே நம் துறை ஆய்வேடுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிரெட் டேவிஸ் 1989இல் வகுத்த ‘தொழில்நுட்ப ஏற்பு மாதிரி’ (Technology Acceptance Model) ஒரு நல்ல கருவி. பணியிடங்களில் ஒரு கணினி அமைப்பை மக்கள் ஏற்பார்களா என்று அறிய உருவானது. நாம் அதை எடுத்து, “இணையவழிக் கற்றல் எனக்குப் பயனுள்ளது”, “எளிதானது” என்று ஐந்து புள்ளி அளவையில் மாணவரிடம் கேட்கிறோம். கூகுள் படிவத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். பஸ்ஸில் நின்றுகொண்டு, ஆங்கிலக் கேள்விகளைப் பாதி படித்து, எல்லாவற்றுக்கும் நான்கைத் தொட்டுவிட்டு மாணவர் அனுப்புகிறார். அதிலிருந்து ஓர் ஆய்வேடு பிறக்கிறது. மாணவருக்குப் பிடித்திருந்ததா என்று தெரிகிறது. அவர் எதையாவது கற்றாரா என்பது கடைசி வரை தெரிவதில்லை. இதைக் கடுமையாகச் சொல்வதற்காக வழிகாட்டிப் பேராசிரியர்கள் வருந்த வேண்டாம். ஆய்வு மாணவர்களின் மூன்று நான்கு ஆண்டு உழைப்பு இதற்குள் போகிறது என்பதால் சொல்கிறேன்.

எனவே செயற்குழு ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறது. சங்கத்தின் பெயரால் நடக்கும் எந்த ஆய்விலும், பாடம் முடிந்து குறைந்தது இரண்டு வாரம் கழித்து, எந்தக் கருவியின் துணையும் இல்லாமல் ஒரு சிறு தேர்வு கட்டாயம் இடம்பெற வேண்டும். கேள்விகள் தமிழிலும் இருக்க வேண்டும். இதற்கு எதிர்ப்பும் வந்தது. பருவம் முடிந்தால் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், எங்கே பிடிப்பது என்று புதுக்கோட்டை உறுப்பினர் கேட்டார். ஆய்வைப் பருவத்தின் நடுவில் முடித்துக்கொள்வதுதான் வழி. வேலை கூடும், மறுக்கவில்லை. பொதுக்குழு விவாதித்து முடிவெடுக்கட்டும்.

மாணவர் தரவு பற்றிய கூட்டம் எல்லோர் கண்ணையும் திறந்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவருடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். வரைவு விதிகள் 2025 ஜனவரியில் வெளிவந்தன. கல்வி நிறுவனங்களுக்கு அதில் சில விலக்குகள் சொல்லப்பட்டிருந்தாலும், முதலாண்டில் சேரும் நம் மாணவர்களில் பலருக்கு 17 வயதுதான் என்பதை மறந்துவிட்டு உள்நுழைவுப் பதிவுகளை அள்ளிக்கொண்டிருந்தோம். சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதும் பணி முடியும் நிலையில் உள்ளது.

ஆய்வு வெளியீடு பற்றி: பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான யூஜிசி கேர் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதும் உறுப்பினர்களிடையே குழப்பம் மிகுந்தது. இனி இதழின் தரத்தை நாமே எடைபோட வேண்டும். நம் உறுப்பினர் ஒருவரின் கட்டுரையை மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டு பணமும் வாங்கிக்கொண்ட ஓர் இதழ், சில மாதங்களில் இணையதளத்தோடு காணாமல் போனது. அவரது உழைப்பும் போயிற்று, கட்டுரையும் போயிற்று. கட்டுரை அனுப்புமுன் சங்கத்தின் மூத்தவர் இருவரிடம் காட்டிவிடுங்கள் என்று இளம் ஆய்வாளர்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே செலுத்தினால் ஆய்வக அமர்வுகளுக்கு வரும் மாணவர்களின் பஸ் செலவையும் மதிய உணவையும் சங்கமே ஏற்க முடியும். இதுவரை உறுப்பினர்கள் தம் கைப்பணத்தைச் செலவிட்டுவந்தார்கள்.

அரங்கம் தந்து உதவிய கல்லூரி முதல்வருக்கும், ஒவ்வொரு மாதமும் புரொஜெக்டரைத் தயார் செய்து வைத்த ஆய்வக உதவியாளருக்கும், பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்திருக்கும் கூச்சத்தையும் பொறுத்துக்கொண்டு தாம் படிக்கும் விதத்தை ஒளிக்காமல் காட்டிய மாணவ மாணவியருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இவ்வறிக்கையையும் மேற்கண்ட தீர்மானத்தையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் வைக்கிறேன்.

செயலாளர்