அரசு என்பது கம்பெனி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரிய நிறுவனத்தை நடத்தியவர் மாநில ஆட்சியையும் சுலபமாக நடத்திவிடுவார் என்று பலரும் நம்புகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

அமெரிக்காவின் மிட் ராம்னியையே எடுத்துக்கொள்வோம். பெய்ன் கேப்பிடல் முதலீட்டு நிறுவனத்தை 1984-ல் தொடங்கியவர்களில் ஒருவர். 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக் ஏற்பாடுகளைத் தலைமையேற்று நடத்தியவர். அப்புறம் 2003 முதல் நான்கு ஆண்டுகள் மாசசூசெட்ஸ் ஆளுநர். அங்கே ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர்.

ஆனால் சட்டமன்றம் எதிர்க்கட்சியின் கையில். கம்பெனியில் தலைவர் 'வேண்டாம்' என்றால் பெரும்பாலும் அத்தோடு சரி. இங்கே ராம்னி நிராகரித்த சட்டப் பிரிவுகளில் பெரும்பாலானவற்றைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது.

2006 ஏப்ரலில் மாநிலத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு கிடைக்கச் செய்யும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டபோது, 1994 செனட் தேர்தலில் தன்னைத் தோற்கடித்த எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான டெட் கென்னடி பக்கத்திலேயே நின்றார். காப்பீடு தராத நிறுவனங்கள் ஒவ்வோர் ஊழியருக்கும் ஆண்டுக்கு 295 டாலர் வரை அரசுக்குக் கட்ட வேண்டும் என்ற பிரிவை ராம்னி நிராகரித்தார். சட்டமன்றம் விடவில்லை, அதுவும் சட்டமானது.

என்னைக் கேட்டால், அவரது ஆட்சியின் மிகப் பெரிய சாதனை இந்தச் சட்டம்தான். அது நிர்வாகத் திறமையால் மட்டும் வந்ததல்ல, எதிர்க்கட்சியோடு உட்கார்ந்து பேசியதால் வந்தது. தொழிலதிபர்களை வேட்பாளராக்கும் கட்சிகள் லாபக் கணக்கைப் பார்ப்பதோடு நிற்காமல், எதிரணியோடு பேசி முடித்த அனுபவம் அவர்களுக்கு உண்டா என்றும் விசாரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்