எல்லாமே பேய் இல்லை: அனிமேவைத் தமிழாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பானிய அனிமேஷனான அனிமேவுக்குத் தமிழில் டப்பிங் வசனமும் சப்டைட்டிலும் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். முதலில் நன்றி. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கே வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அப்புறம் ஒரு மனக்குறை. அண்மையில் ஒரு தொடரைத் தமிழில் பார்த்தேன், பெயர் வேண்டாம். ஆற்றிலிருந்து எழுந்து வந்தது ஒன்று, கொம்போடு நின்றது ஒன்று, ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் காலுமாகக் குதித்த பழைய குடை ஒன்று. மூன்றையும் "பேய்" என்றே சொன்னார்கள்.

நமக்குப் பேய் என்றால் செத்தவரின் ஆவி. ஜப்பானியர் அதை யூரேய் என்கிறார்கள். யோகாய் என்பது வேறு, விசித்திர உருக்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயர். அதில் பல ஒருநாளும் மனிதராக இருந்ததில்லை. அந்தக் குடையையே எடுங்களேன். நூறு வருடம் புழங்கிய பொருளுக்கு உயிர் வந்துவிடும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. பேய் என்று சொன்னால், குடைக்குள் யாரோ செத்துப்போனவர் புகுந்துகொண்டதாகத்தானே நாம் நினைப்போம்?

கொம்பு வைத்தது ஓனி. ருமிகோ தகாஹாஷி 1978-இல் தொடங்கிய 'உருசெய் யாட்சுரா' மங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதை) வரும் லும் வேற்றுக்கிரகத்துப் பெண்தான். ஆனாலும் ஓனி போலவே தலையில் சின்னக் கொம்பு, உடம்பில் புலிவரி உடை. ஓனி வருகிற வாசல் வடகிழக்கு. திசைகளுக்கு விலங்குகளின் பெயர் வைத்த பழைய கணக்கில் அது மாட்டுக்கும் புலிக்கும் நடுவில் வரும். அதனால்தான் மாட்டுக் கொம்பும் புலித்தோலும் என்று விளக்கம் சொல்வார்கள். (நமக்கோ அது ஈசானிய மூலை, பூஜையறை வைக்கிற இடம்!) அரக்கன் என்று போட்டாலாவது கொஞ்சம் பொருந்தும்.

இந்த உருவங்களை மங்காக்காரர்கள் நேற்று உட்கார்ந்து யோசித்துப் பிடிக்கவில்லை. 1776-இலேயே ஓவியர் தோரியாமா செகியென் ஒவ்வொன்றையும் பெயரோடு வரைந்து புத்தகமாகப் போட்டுவிட்டார். சிறுவயதில் ஒரு பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்த மங்கா ஓவியர் ஷிகேரு மிசுகி, இரண்டாம் உலகப் போரில் இடக்கையை இழந்த பிறகும் இவற்றை வரைந்து தள்ளினார். அவர் வளர்ந்த சகாய்மினாதோ ஊரில் ஒரு தெரு முழுக்க யோகாய்களுக்கு வெண்கலச் சிலைகள் நிற்கின்றன.

பெயரை மாற்றாமல் விடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். யாருக்குப் புரியும் என்பீர்கள். 'நருட்டோ' அனிமேவில் வரும் ஷாரிங்கன், ரசெங்கன் என்று தடுக்காமல் சொல்கிற பிள்ளைகளுக்கு ஓனியும் யோகாயுமா வாயில் நுழையாது? உதட்டசைவுக்கும் இடிக்காது, ஜப்பானிய வாய் அசைவதே அந்தச் சொல்லுக்குத்தானே. அதற்காகக் காட்டேரி, முனி என்று நம் ஊர்ப் பெயரையும் ஒட்டவைக்காதீர்கள். ஒன்பது வால் நரி மட்டும் நரியாகவே இருக்கட்டும். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்கிற நமக்கு, நெல் தெய்வமான இனாரிக்கு நரிதான் தூது என்றால் உடனே புரியும்.

ஆற்றிலிருந்து வந்ததே, அதுதான் கப்பா. வெள்ளரிக்காய்ப் பிரியன். உச்சந்தலைக் குழியில் தண்ணீர் இருக்கும்வரைதான் அதற்குப் பலம். யாராவது குனிந்து வணக்கம் சொன்னால் மரியாதைக்குத் தானும் குனியும், தண்ணீர் கொட்டிவிடும். நான் பார்த்த எபிசோடிலும் அது அப்படித்தான் குனிந்தது. தமிழில் கேட்டது: "ஐயோ, பேய் மயங்கிடுச்சு!" அடுத்த முறை அந்த இடத்தில் "கப்பா தலைத்தண்ணி கொட்டிப்போச்சு!" என்று எழுதிப் பாருங்கள்.

இப்படிக்கு,
சப்டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் படிக்கும் ஒரு ரசிகன்